சும்மா திருத்திய சுடுதண்ணீர்த் தாங்கி

எங்கள் வீட்டுச் சுடுதண்ணீர்த் தாங்கிக்கு நோர்வேஜிய மொழி என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வருடமாக நான் அதனோடு மட்டும்தான் அந்த மொழியில் கதைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாக, உருண்டையாக, என்னைவிட ஒரு சாண் உயரமாக நின்று, நான் எவ்வளவு பிழைவிட்டாலும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. உண்மையான நோர்வேக்காரர் ஒருவரும் என்னிடம் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

அப்போது நாங்கள் ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் ஒரு வரிசை வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஈராயிரமாம் ஆண்டு பிறந்து சில ஆண்டுகள். இவர் பஸ் ஓட்டினார். நான் காலையில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்துவிட்டு, பின்னேரங்களில் உதவித் தாதிப் படிப்புப் படித்தேன். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஒரு தொலைக்காட்சியும் இருந்ததால், கதவைச் சாத்தக்கூடிய அமைதியான இடம் என்று இருந்தது கீழ்த்தளத்துச் சாமான் அறை ஒன்றுதான். தாங்கி நின்றதும் அங்கேதான். குளிர்காலத்தில் வீட்டிலேயே சூடான மூலையும் அதுதான். ஒரு முக்காலியைப் போட்டு, கடினமான சொற்களைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதித் தாங்கியின் வயிற்றில் ஒட்டி, அதையே பரீட்சகர் என்று நினைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.

எழுத்துப் பரீட்சைகளில் ஒரு மாதிரிச் சித்தியடைந்துவிட்டேன். மிஞ்சியிருந்தது வாய்மொழிப் பரீட்சை. அதுதான் என் பயம். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேறென்ன நடக்கும்? நான் வேலைக்குப் போகும்போது அலுவலகத்தில் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள், அவர்கள் வரும்போது நான் போயிருப்பேன். இத்தனை வருடத்தில் மேசைகளோடும் குப்பைத் தொட்டிகளோடும்தான் பழக்கம். ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை பரீட்சையில் சித்தியடைய வேண்டும், இல்லாவிட்டால் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். மிக மரியாதையாகச் சொன்னார்கள். இந்த நாட்டில் எதையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, படுக்கைப் புண் எப்படி உண்டாகிறது என்று தாங்கிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். கால் நனைந்தது. என்னுடைய நோர்வேஜியத்தைக் கேட்டு அழுகிறதாக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். குனிந்து பார்த்தால் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

“இஞ்சாருங்கோ, தாங்கி ஒழுகுது. பிளம்பருக்குப் போன் அடியுங்கோ.”

இவர் இறங்கி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “பிளம்பரோ? அவன் வந்து கதவைத் தட்டுறதுக்கே காசு கேப்பான். எங்கட ஆக்கள் இருக்கேக்க நீர் ஏன் பயப்பிடுறீர்? சும்மா செய்விப்பம்.”

இந்த ‘எங்கட ஆக்கள்’ என்பதை விளக்க வேண்டும். ஒஸ்லோவையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து, எங்கள் ஆட்களில் எல்லாம் தெரிந்த ஒருவர் எப்போதும் இருப்பார். கார் பழுதென்றால் அவர், கூரை ஒழுகினால் அவர், கம்பியூட்டர் நின்றுவிட்டால் அவர். அவர் காசு வாங்க மாட்டார். காசை நீட்டினால் கோபித்துக்கொண்டு பிள்ளையின் பிறந்தநாளுக்கும் வர மாட்டார். ஆகவே சாப்பாடு போட வேண்டும். அதிலும், சும்மா வேலை செய்து தருபவருக்குச் சும்மா ஒரு சாப்பாடு போட முடியாது. ஆட்டிறைச்சி வேண்டும். அதைச் சமைப்பது வேலையைச் ‘சும்மா’ செய்விக்கிற ஆம்பிளை அல்ல.

செவ்வாய்க்கிழமை லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஓர் அண்ணை வந்தார். ஊரில் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்தியவர், இங்கே ஒரு களஞ்சியத்தில் வேலை. வந்ததும் மருத்துவர் நெஞ்சைத் தட்டுவதுபோலத் தாங்கியை மூன்று இடத்தில் தட்டினார்.

“தங்கச்சி, ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. வாசர் தேஞ்சு போச்சு. அம்பது குரோனர் சாமான்.”

என் உச்சி குளிர்ந்துவிட்டது. பிட்டு அவித்தேன், இறைச்சிக் கறி வைத்தேன், முட்டை பொரித்தேன், சொதியும் வைத்தேன். அண்ணை வேலைக்காக வீட்டுக்கு வரும் தண்ணீரையே அடைத்துவிட்டதால் இவ்வளவையும் வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில் செய்தேன். அண்ணை தாங்கியை வெறுமையாக்கினார், வாசரை மாற்றினார், இறுக்கினார், பிறகு மேசைக்கு வந்து அங்கேயும் இறுக்கி ஒரு பிடி பிடித்தார். அவர் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார், தாங்கி திரும்பவும் சொட்டத் தொடங்கியது. அன்று நான் சட்டி கழுவினேன். சுடுதண்ணீர் இல்லாததால் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கழுவினேன். ஆட்டுக் கொழுப்பு என்பது குளிர்நாட்டில் எப்படி உறையும் என்பது கழுவியவளுக்குத்தான் தெரியும். புத்தகத்தைத் தொடவில்லை.

புதன்கிழமை அண்ணை தனியே வரவில்லை. திராமனிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் முன்பு கப்பலில் எஞ்சின் அறையில் நின்றவர். “கப்பலோட பாத்தால் இது ஒரு தேத்தண்ணிக் கேத்தில்,” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். அவருடைய தீர்ப்பு வேறு.

“வாசருமில்லை ஒண்டுமில்லை. வால்விலதான் பிழை. ஆர் இதுக்கு வாசர் போட்டது?”

போட்டவர் பக்கத்திலேயே நின்றார்.

திராமன் கிட்டவா இருக்கிறது? வேலை முடிந்து நேரே வந்தவர், நல்ல பசி. இரண்டு பேரும் இரண்டு கட்சியாகி, வாசரா வால்வா என்று சாப்பாட்டு மேசையில் விவாதித்தார்கள். நியாயம் சொல்லச் சொல்லச் சோறு இறங்கியது. இவர் பியர் வாங்கி வந்து வைத்தார். இந்த நாட்டில் பியர் என்ன விலை என்று நான் சொல்லத் தேவையில்லை. குடிக்காதவர்களுக்கும் அது தெரியும்.

வியாழக்கிழமை இவருக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி, தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் இளம் பொறியியலாளர் இருந்தார். கம்பியூட்டருக்கு நிரல் எழுதுகிற பொறியியலாளர். ஆனால் எங்கள் ஆட்களுக்கு இஞ்சினியர் என்றால் இஞ்சினியர்தான், அதிலே உட்பிரிவு கிடையாது. பாவம், குப்பை போட வெளியே வந்த பிள்ளையை இவர் அப்படியே அழைத்து வந்துவிட்டார்.

அந்தப் பிள்ளை தாங்கியைச் சுற்றி ஒரு தரம் நடந்தது. “இது கீஸர்தானேக்கா? எங்க ஊர்ல இவ்ளோ பெருசா பாத்ததே இல்ல. வேணும்னா கூகுள் பண்ணிப் பாக்கலாம்.”

அன்று முழுவதும் உருப்படியாகப் பேசியது அந்தப் பிள்ளை ஒன்றுதான். “சாப்பிட்டிட்டுப் போங்கோ தம்பி” என்றேன். “ஐயோ, வேணாங்க்கா” என்றது. எங்கள் ஊரில் முதல் ‘வேண்டாம்’ என்பது வெட்கத்துக்குச் சொல்வது. மூன்று தரம் சொன்னால்தான் கணக்கில் எடுப்போம். மூன்றாம் தரம் அது மெல்லச் சொன்னது: “நான் சைவங்க்கா.” நான் திரும்பவும் அடுப்படிக்குப் போய்ப் பருப்பும் உருளைக்கிழங்குக் குழம்பும் வைத்தேன்.

இப்படியே ஒவ்வொரு நாளும் தாங்கியை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினார்கள், அது ஒரு கோப்பை கூடுதலாக ஒழுகியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிகிற கதைதான். அன்றும் வந்திருந்த வாசர்க் கட்சிக்கும் வால்வுக் கட்சிக்கும் கீழே சத்தம் கூடியபோது நான் அகப்பையோடு படியிறங்கிப் போனேன். என் முக்காலியில் லில்லெஸ்ட்ரோம் அண்ணை உட்கார்ந்திருந்தார். என் அட்டைகளில் ஒன்றின் பின்பக்கத்தில் திராமன்காரர் வால்வின் படம் கீறிக் காட்டிக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் ‘மலச்சிக்கல்’ என்பதற்கான நோர்வேஜியச் சொல் இருந்தது.

இவரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டேன். “திங்கட்கிழமை எனக்குச் சோதினை. நான் எப்ப படிக்கிறது? எங்க இருந்து படிக்கிறது?”

இவர் உண்மையாகவே மனம் நொந்துபோனார். “உமக்குச் சோதினை எண்டபடியால்தானே நாங்கள் இவ்வளவு பாடுபடுறம்.”

அந்த மனிதர் மனதாரத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கூடுதல் கோபம். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் இவர் பஸ்ஸுக்குப் போன பிறகு நானே பிளம்பருக்கு அடித்தேன். என் வாழ்க்கையில் நோர்வேஜிய மொழியில் நானாக எடுத்த முதல் தொலைபேசி அழைப்பு அது. அதுவரைக்கும் எல்லாம் இவர்தான் அடிப்பார். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்ததால் வசனம் வந்துவிட்டது. மறுபக்கத்தில் இருந்தவர் ஒரே ஒரு தரம்தான் “என்ன?” என்று கேட்டார். பிறகு, பத்து மணிக்கு வருகிறேன் என்றார்.

பத்து மணிக்கு வந்தார். நரை விழுந்த, அகன்ற மனிதர். வாசலில் நின்று சப்பாத்துக்கு மேலே நீல நிற உறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். தாங்கியைத் தட்டவில்லை. குனிந்து அடியில் ஒரு விளக்கைப் பிடித்தார், விரலால் தடவிப் பார்த்தார். விரல் செம்மண் நிறமாக வந்தது. அடித் தகடு துருப்பிடித்து உக்கிவிட்டது, இதைத் திருத்த முடியாது, புதிதுதான் போட வேண்டும் என்றார். வாசருமில்லை, வால்வுமில்லை, வயது.

பிறகு அவர் மேலேயிருந்த குழாய் மூட்டுகளைப் பார்த்தார். “இதையெல்லாம் யார் இவ்வளவு இறுக்கியது?”

“நண்பர்கள்,” என்றேன்.

“நிறைய நண்பர்கள் போலிருக்கிறது,” என்றார்.

விலையைச் சொன்னார். புதுத் தாங்கி இவ்வளவு, அதைவிட ஒரு மணித்தியாலத்துக்குக் கூலி இவ்வளவு. கையைக் கடிக்கிற விலைதான். இவர் அங்கே இருந்திருந்தால் நெஞ்சைப் பிடித்திருப்பார். பயம் வருவதற்கு முன்பே என் வாய் ‘சரி’ என்று சொல்லிவிட்டது.

பழைய தாங்கியைக் கழற்றுவதற்கு முன் அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். அதில் ஒட்டியிருந்த என் அட்டைகளை ஒவ்வொன்றாக, கிழியாமல் உரித்து, இருந்த ஒழுங்கிலேயே நிலத்தில் அடுக்கி வைத்தார். மூன்று நாளாக அந்த அறைக்குள் வந்துபோன ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்பைப் பார்க்கிற சாட்டில் மேலே ஏறிப் போய்விட்டேன்.

மூன்று மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. புதுத் தாங்கி நிரம்பி, மெல்ல முனகத் தொடங்கியது. சொட்டு இல்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு கீழே போனால், அந்த மனிதர் படியில் உட்கார்ந்து கடதாசியில் சுற்றிய இரண்டு பாண் துண்டுகளை எடுத்துச் சாப்பிடத் தொடங்கியிருந்தார். மெல்லிய பாண், அதன்மேல் கடதாசி போலச் சீவிய பழுப்புச் சீஸ். இந்த நாட்டில் எல்லோரும் மத்தியானத்தில் அதைத்தான் சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டுப் படியில், எனக்குச் சுடுதண்ணீர் தந்த மனிதர் காய்ந்த பாணைக் கடிப்பதா? மூன்று நாளாகத் தாங்கியைக் கெடுத்தவர்களுக்கு ஆட்டிறைச்சி, திருத்தியவருக்குப் பாணா?

“மேலே வாங்கோ, சாப்பாடு இருக்கு,” என்று நோர்வேஜியத்தில் சொன்னேன்.

வேண்டாம், நன்றி என்றார். அது முதலாவது வேண்டாம். இரண்டாவதையும் மூன்றாவதையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் தட்டு வைத்துவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை, வீட்டில் மரக்கறி. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம். முதல் வாயில் அவருடைய முகம் சிவந்தது, இரண்டாம் வாயில் கண்ணால் தண்ணீர் வந்தது, மூன்றாம் வாயில் அவர் தன் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தார். பிறகு கேட்டார், “அந்த அட்டைகள் யாருடையவை? இந்த வீட்டில் யார் தாதி?”

“இன்னும் இல்லை. திங்கட்கிழமை பரீட்சை. சித்தியடைய மாட்டேன்.”

“ஏன்?”

“எனக்குக் கதைக்க வராது.”

அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அதை நோர்வேஜியத்தில்தான் சொல்லியிருந்தேன்.

பிறகு அவர் தன் தாயைப் பற்றிச் சொன்னார். தாய் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், சில கிழமைகளாகச் சாப்பிட மறுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போய்க் கரண்டியால் ஊட்டப் பார்ப்பாராம், தாய் வாயை இறுக்கி மூடிக்கொள்வாராம். “எனக்குக் கோபம் வந்துவிடும். பிறகு வானுக்குள் போயிருந்து அழுவேன்,” என்றார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நோர்வேக்காரர் ஒருவர் இப்படிச் சொல்வாரா? எங்கள் மிளகாய்த்தூளுக்கு அந்தச் சக்தி இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு வாய் திறந்துவிட்டது. ஊட்டாதீர்கள் என்றேன். நிறைந்த தட்டைக் கண்டாலே வயதானவர்களுக்கு இருக்கிற பசியும் ஓடிவிடும், சின்னத் தட்டில் கொஞ்சமாக வையுங்கள், வற்புறுத்தாதீர்கள், பக்கத்தில் இருந்து நீங்களும் சாப்பிடுங்கள் என்றேன். வாயில் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்பு எதை விரும்பிச் சாப்பிடுவார் என்று கேட்டேன். புளிப்புப் பாலாடையில் காய்ச்சிய கஞ்சி, மேலே கறுவாத்தூள் போட்டு, என்றார். அதைக் கொண்டுபோங்கள் என்றேன். அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். எங்கே வினைச்சொல் வருகிறது, எங்கே பெயர்ச்சொல் வருகிறது என்று ஒருதரமும் யோசிக்கவில்லை. வற்புறுத்தக் கூடாது என்று அவருக்கு விளங்கப்படுத்திக்கொண்டே நான் மூன்றாம் தடவையாக அவருடைய தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவரும் மறுக்காமல் சாப்பிட்டார்.

புறப்படும்போது பரீட்சைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் மிஞ்சிய ஒரு பாண் துண்டைக் கவனமாகச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பின்னேரம் இவர் வந்தார். குழாயைத் திறந்தால் ஆவி பறக்கிறது. சந்தோசப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் குளியலறையில் சிறிது நேரம் நின்றார். லில்லெஸ்ட்ரோம் அண்ணைக்குச் செய்தி எட்டிவிட்டது. “ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூண்டு பேரும் வந்து ஒரேயடியா முடிச்சிருப்பமே தங்கச்சி. அவசரப்பட்டிட்டியள்,” என்று தொலைபேசியில் வருத்தப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்கள் கோழிப் புரியாணி பேசி வைத்திருந்ததாக இவர் பிறகுதான் சொன்னார்.

திங்கட்கிழமை பரீட்சை. இரண்டு பெண்கள் மேசைக்கு அப்பால் இருந்தார்கள். நோயாளியை நினைத்துக் கவலைப்படும் உறவினர் ஒருவரோடு எப்படிக் கதைப்பீர்கள் என்று கேட்டார்கள். என் நாக்கு வழக்கம்போல மேலண்ணத்துக்குப் போகப் பார்த்தது. அந்த அகன்ற மனிதர் பருப்பும் சோறும் சாப்பிட்டபடி தன் தாயைப் பற்றிச் சொன்ன முகம் கண்ணுக்கு முன் வந்தது. அவருக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொன்னேன். அவர்கள் இடைமறித்துக் கேட்டார்கள், அதற்கும் சொன்னேன். கடைசியில் ஒரு பெண், “எங்கே இதைப் பழகினீர்கள்?” என்று கேட்டார். “வீட்டில், சாப்பாட்டு மேசையில்,” என்றேன். அவர்கள் சிரித்தார்கள். வெளியே இவர் தன் வேலை நேரத்தை யாருடனோ மாற்றிக்கொண்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சித்தியடைந்துவிட்டேன் என்று சொன்னதும் என்னைவிட அதிகமாக அவர்தான் அழுதார்.

பில் அடுத்த கிழமை வந்தது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார். ஓர் இடத்தில் நின்றுவிட்டார்.

“இஞ்ச பாரும். நாலு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கிறான். நீர் மூண்டு மணித்தியாலம் எண்டெல்லே சொன்னனீர்?”

“வேலை மூண்டு மணித்தியாலம். ஒரு மணித்தியாலம் சாப்பிட்டவர்.”

இவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “என்னப்பா இது! சோறும் குடுத்து, அதைத் திண்ட நேரத்துக்குக் காசும் குடுக்கிறதோ? உலகத்தில எங்கையாவது இப்பிடி நடக்குமோ? நான் இப்பவே அவனுக்கு அடிக்கிறன்.”

“அடியாதேங்கோ,” என்றேன். பிறகு ஒரு கடதாசி எடுத்து, சும்மா திருத்தியதன் செலவைக் கூட்டிக் காட்டினேன். ஆட்டிறைச்சி, பியர், வாசர், வால்வு, திராமன்காரருக்குக் கட்டிக் கொடுத்துவிட்ட மிச்சக் கறி. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பார்களே, இங்கே சுண்டைக்காயும் கிடைக்கவில்லை. இவர் அந்தக் கடதாசியை இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கதிரையில் திரும்ப உட்கார்ந்தார்.

“சரி, மூண்டு மணித்தியாலத்துக்கு நான் கட்டுறன்,” என்றார் கடைசியில், விட்டுக்கொடுக்க மனமில்லாமல். “அவன் திண்ட மணித்தியாலத்தை நீர்தான் கட்ட வேணும்.”

“ஓம். அதை நான்தான் கட்டுவன்,” என்றேன்.

துப்புரவு வேலையில் எனக்கு வந்த கடைசிச் சம்பளத்திலிருந்து அந்த ஒரு மணித்தியாலத்தைத் தனியாகக் கட்டினேன். வங்கித் துண்டில் எதற்கான பணம் என்று எழுத ஓர் இடம் இருந்தது. ‘கதைத்ததற்கு’ என்று நோர்வேஜியத்தில் எழுதினேன். இவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்றார்.